நக்கவாரத்துக்கு டென்மார்க் வைத்திருந்த பட்டா

தரங்கம்பாடி என்றதும் கடற்கரையில் நிற்கும் டேனியர் கோட்டையும், சீகன்பால்கும், அவருடைய அச்சுக்கூடமும் நம் நினைவுக்கு வரும். அந்தக் கோட்டையில் உட்கார்ந்திருந்த டேனிஷ் கவர்னரின் அதிகாரத்தில், நம் கரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் கிழக்கே ஒரு தீவுக்கூட்டமும் இருந்தது. அது இன்றைய நிக்கோபார். 1756 முதல் 1868 வரை, அதாவது 112 வருஷம், அது டென்மார்க் அரசரின் சொத்து. காகிதத்தில்தான். அந்தத் தீவுக்கூட்டத்தில் நடுவாக இருக்கும் நான்கௌரி என்ற சின்னத் தீவைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் காரைக்கால்காரன். பிரெஞ்சு வழியில் படித்தவன். லுவார் நதியும் சேன் நதியும் எந்தெந்த ஊர் வழியாகப் போகின்றன என்று ஒப்பிக்கத் தெரியும். ஆனால் எங்கள் ஊருக்கு வடக்கே அரை மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் தரங்கம்பாடியைப் பற்றி எங்கள் சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1739ல். டேனியர்கள் அதற்கு நூற்றுப் பத்தொன்பது வருஷம் முன்னாலேயே, 1620ல், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு வெள்ளைக்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேல் அண்டை வீட்டுக்காரர்கள். எங்கள் பாடப் புத்தகம் அந்த அண்டை வீட்டைக் கண்டுகொள்ளவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் குடியிருக்கும் நமக்கு அந்தமான் திசை பழக்கமானதுதான். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் நம் மொட்டை மாடிகளுக்கு மேலாகக் கிழக்கே போவதைத் தினமும் பார்க்கிறோம். 2016 ஜூலையில் இங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32 விமானம் 29 பேரோடு காணாமல் போனதும், கடலடியில் அதன் பாகங்கள் தென்பட ஏழரை வருஷம் ஆனதும் நம் பகுதிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு கடல் இடையில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து இன்னும் தெற்கே கப்பலில் போனால் கார் நிக்கோபார். அதற்கும் தெற்கே கமோர்ட்டா, நான்கௌரி, டிரிங்கெட், கச்சால் என்று ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் நடுத்தீவுகள். கடைசியில் பெரிய நிக்கோபார். அதைத் தாண்டினால் சுமத்ரா.

நான்கௌரியின் பரப்பு எழுபது சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நம் தாம்பரம் மாநகராட்சியே அதைவிடப் பெரியது. இங்கே நாம் பல லட்சம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே ஆயிரம் பேர் சொச்சம். 2011 கணக்கெடுப்பின்படி நிக்கோபார் மாவட்டம் முழுவதுக்குமே 36,842 பேர்தான். சேலையூரையும் சிட்லப்பாக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் அதைத் தாண்டிவிடும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சின்னத் தீவுக்காக ஐரோப்பாவின் ராஜாக்கள் அடித்துக்கொண்டதற்கு அதன் துறைமுகம்தான் காரணம். வடக்கே கமோர்ட்டா, தெற்கே நான்கௌரி, கிழக்கே மறைவாக டிரிங்கெட். இவற்றுக்கு நடுவே குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும் ஆழமான தண்ணீர். உள்ளே வர கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். எந்தப் பருவக் காற்று அடித்தாலும் ஒரு பக்கமாக நுழைந்து ஒதுங்கிக்கொள்ளலாம். நாகூர், காரைக்கால் மரக்காயர்கள் சுமத்ராவுக்கும் பினாங்குக்கும் கப்பல் விட்ட காலத்தில் இந்தத் தீவுகள் வழியில் இருந்தன. தண்ணீர் பிடிக்கலாம், தேங்காய் வாங்கலாம். அங்கே வெகு காலம் தேங்காய்தான் நாணயம். துணி, இரும்பு, புகையிலை எல்லாவற்றுக்கும் தேங்காய்க் கணக்கில்தான் விலை.

அந்த மக்களின் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நெல் கிடையாது. தேங்காய், பன்றி, மீன், கிழங்கு; எல்லாவற்றுக்கும் மேலாகத் தாழை. நமக்குத் தாழை என்றால் பூ; ஜடையில் வைத்துப் பின்னுவது. அங்கே இருக்கும் தாழை இனத்தின் காய் பலாப்பழம் போலப் பெரிது. அதை வேகவைத்து, நாரிலிருந்து மாவுச் சதையைச் சுரண்டி எடுத்து, களிபோல் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அவித்துச் சாப்பிட மண்பானை வேண்டுமே, அதைச் சவ்ரா என்ற பக்கத்துத் தீவுக்காரர்கள் மட்டும்தான் செய்யலாம். மற்றத் தீவுக்காரர்கள் படகில் போய் வாங்கி வரவேண்டும். நம்மூரில் ஊருக்கு ஒரு குயவர் தெரு இருந்தது போல, அங்கே கடலுக்கு ஒரு குயவர் தீவு.

நக்கவாரம் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. ராஜேந்திர சோழனின் 1025ஆம் வருஷக் கடற்படையெடுப்பில் பிடிக்கப்பட்ட இடங்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டியிருக்கிறது. அதில் கடாரத்தோடும் ஸ்ரீவிஜயத்தோடும் மாநக்கவாரமும் வருகிறது. நக்கம் என்றால் நிர்வாணம். ஏழாம் நூற்றாண்டில் அந்த வழியாக வந்த சீன யாத்திரிகர் இ-த்சிங்கும் அதை ஆடையில்லாதவர்கள் நாடு என்றுதான் குறித்து வைத்தார். மார்க்கோ போலோ எழுதியதும் இந்தப் பெயரைத்தான், கொஞ்சம் இத்தாலிய உச்சரிப்பில். சோழன் அங்கே ஒரு தாசில்தாரையாவது உட்கார வைத்தானா என்பதற்குக் கல்வெட்டில் ஆதாரம் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். அரசு அலுவலகத்தில் எழுத்தனாக முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டியவனுக்கு இது வேடிக்கையாக இல்லை. பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் கையில் என்பது நம் வருவாய்த் துறை தினமும் பார்க்கிற வழக்கு. நக்கவாரத்தின் முதல் பட்டாதாரர் நம் சோழர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியர்களில் பிரெஞ்சுக்காரர்களும் வந்து பார்த்தார்கள். 1711ல் ஃபோர், போனே என்ற இரண்டு சேசு சபைக் குருமார்கள் அங்கே இறங்கினார்கள். அந்தச் சபைக்காரர்களின் கடிதங்களைப் பிரெஞ்சிலேயே படிக்க முடிந்தது என் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த ஒரு லாபம். நடுக்கடலில் இரண்டு பேரைச் சின்னப் படகில் இறக்கிவிட்டு, கப்பல் தன் வழியே போகிறது. அவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

அடுத்து டேனியர்கள். கோபன்ஹேகனில் இருந்த ஆசியக் கம்பெனிக்குத் தரங்கம்பாடியில் வியாபாரம் சுமார்தான். லவங்கப்பட்டையும் மிளகும் விளையும் தீவு ஒன்று கையில் இருந்தால் டச்சுக்காரன் போலப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். 1755 கடைசியில் தரங்கம்பாடியிலிருந்து ஆட்கள் கப்பலேறிப் போனார்கள். 1756 ஜனவரி 1ஆம் தேதி கொடியேற்றினார்கள். முதலில் புதிய டென்மார்க் என்று பெயர். பிறகு அரசர் ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் பெயரில் ஃபிரெடெரிக் தீவுகள். பெரிய நிக்கோபாரில் போட்ட அந்த முதல் குடியேற்றம் மூன்று வருஷத்தில், 1759ல், கலைந்தது. காரணம் ஜுரம். பிறகு கமோர்ட்டாவுக்கு மாறிப் பார்த்தார்கள். அங்கேயும் அதே ஜுரம்.

மலேரியா கொசுவால் வருகிறது என்பது ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த 1897 வரை யாருக்கும் தெரியாது. காட்டிலிருந்து வரும் கெட்ட காற்று என்று நினைத்தார்கள். தீவு மக்கள் கடலோரத்தில், காற்று அடிக்கும் இடத்தில், மரக்கால்கள் மேல் வீடு கட்டி வாழ்ந்தார்கள். வந்தவர்கள் காட்டை வெட்டி உள்ளே வீடு கட்டினார்கள். டென்மார்க்கே தீவு தேசம். நானூறுக்கு மேற்பட்ட தீவுகள், அதில் எழுபது சொச்சத்தில் ஆள் குடியிருப்பு. தலைநகரம் கோபன்ஹேகனே ஒரு தீவில்தான் இருக்கிறது. தீவில் பிறந்து தீவில் வளர்ந்த அவர்களுக்கு இந்தத் தீவில் ஒரு மழைக்காலத்தைத் தாண்ட முடியவில்லை.

கம்பெனிக்காரன் தோற்ற இடத்தில் ஜெபக்காரனை அனுப்பிப் பார்ப்போம் என்று மொரேவியச் சகோதரர்கள் என்ற ஜெர்மானியச் சபையாரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் நிக்கோபாருக்காகவே 1760ல் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். பொறையாறு பக்கத்தில் சகோதரர் தோட்டம் என்று ஓர் இடம் அமைத்து, தச்சு, செருப்புத் தையல் என்று கைத்தொழில் செய்து சொந்தக் காலில் நின்றார்கள். அங்கே ஏற்கெனவே சீகன்பால்கு வழிவந்த லுத்தரன் குருமார்களுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை என்பது தனிக் கதை. எட்டு வருஷம் காத்திருந்து, 1768ல் ஒரு சிறு குழு நான்கௌரியில் இறங்கியது.

இந்த நான்கௌரிக் கதைக்கு நமக்கு ஒரு சாட்சி இருக்கிறார். யோகான் காட்ஃபிரீட் ஹென்சல். 1779ல் அங்கே போய், ஏழு வருஷம் இருந்து, பிழைத்து வந்தவர். வெகு காலம் கழித்து அவர் எழுதிய கடிதங்கள் 1812ல் லண்டனில் ஆங்கிலத்தில் சிறு புத்தகமாக வந்தன. பரிதாபம் தேடாத எழுத்து. வயிற்றுப் பாட்டுக்காகச் சங்கு, கிளிஞ்சல், பாம்பு என்று சேகரித்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பி விற்றதையெல்லாம் சொல்கிறார். தீவு மொழியைக் கற்றுக்கொள்வதற்குள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுவார்கள். ஓரளவு பேச வந்தவன் செத்துப் போவான். தரங்கம்பாடியிலிருந்து புதிதாக ஒருவன் வந்து முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பான். ஹென்சல் கணக்குப்படி நான்கௌரி மண்ணிலேயே பதினொரு பேரைப் புதைத்தார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பியபின் சீக்கிரமே செத்தவர்கள் இன்னும் பதிமூன்று பேர். கல்லீரல் வீங்கி வந்து சேர்ந்தவர்கள். 1787ல் மிஷன் மூடப்பட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஊர் மாற்றி மதம் சேர்த்தது என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கோணத்தில் எனக்கு இவர்கள் மேல் கோபமும் உண்டு. மூன்றாவது சாவிலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் யார் அனுப்பினார்கள் என்று பார்க்கவேண்டும். தரங்கம்பாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தீவில் யாராவது இருக்கவேண்டியிருந்தது. ஆளில்லாத நிலத்துக்கு அடுத்தவன் உரிமை கொண்டாடுவான் என்ற பயம்.

அப்படியே நடக்கவும் செய்தது. 1778ல் ஆஸ்திரியக் கொடியோடு ‘ஜோசப் அண்ட் தெரேசா’ என்ற கப்பல் வந்தது. அதன் பின்னால் இருந்தவர் வில்லியம் போல்ட்ஸ். வங்காளத்தில் ஆங்கிலக் கம்பெனியோடு சண்டை போட்டு வெளியேற்றப்பட்ட ஆசாமி. பிறகு வியன்னாவுக்குப் போய் மகாராணி மரியா தெரேசாவின் ஆதரவைப் பிடித்தார். டேனியர்கள் தீவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லி, தீவுத் தலைவர்களிடம் ஒரு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு, தெரேசா தீவுகள் என்று பெயர் வைத்தார்கள். கமோர்ட்டாவில் ஸ்டால் என்பவரோடு ஒரு கைப்பிடி ஆட்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. டேனியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்குள் ஜுரம் தன் வேலையைச் செய்துவிட்டது. சில வருஷங்களில் ஸ்டாலும் இறந்து, அந்தக் குடியேற்றமும் அழிந்தது. ஆஸ்திரியாவின் மிச்சம், வடக்கே இருக்கும் தெரசா என்ற தீவின் பெயர் மட்டும்.

1831ல் இன்னொரு முயற்சி. டேனிஷ் போதகர் டேவிட் ரோசன் கமோர்ட்டாவில் ஒரு குன்றின்மேல் குடியிருப்பு போட்டார். நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஊருக்குப் போய் 1839ல் தன் நிக்கோபார் நினைவுகளை ஒரு புத்தகமாக எழுதினார். இப்படி விட்டு விட்டுக் குடியிருந்த வருஷங்களையெல்லாம் கூட்டினாலும் அந்த 112ல் பாதிகூடத் தேறாது.

அடுத்த கட்டம்தான் என்னைப் போன்ற கோப்பு மனிதர்களுக்கு ருசியானது. 1845ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்றது. விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அந்தப் பத்திரத்தில் நிக்கோபார் இல்லை! தாய்க் கிராமத்தை விற்றுவிட்டு, எட்டாத இடத்தில் இருக்கும் புறம்போக்கைக் கையில் வைத்துக்கொண்ட மாதிரி. இவ்வளவு நாள் தரங்கம்பாடியிலிருந்துதான் அரிசியும் ஆளும் போயின. இனி கோபன்ஹேகனிலிருந்தா போகும்?

அதே வருஷம் கோபன்ஹேகனிலிருந்து ‘கலாத்தியா’ என்ற போர்க்கப்பல் உலகம் சுற்றக் கிளம்பியது. தலைவர் ஸ்டீன் பில்லே. தரங்கம்பாடியை ஒப்படைக்கும் காரியத்தைக் கவனிப்பதும், நிக்கோபாரில் மறுபடி குடியேற முடியுமா என்று பார்ப்பதும் அதன் வேலைகளில் சேர்த்தி. 1846 ஆரம்பத்தில் தீவு தீவாக அளந்தார்கள். பெரிய நிக்கோபாரில் ஓர் ஆற்றுக்குள் படகில் போய், அதற்குக் கப்பலின் பெயரையே வைத்தார்கள். அதுதான் கலாத்தியா ஆறு. கூடவே வந்த ஹின்ரிக் ரிங்க் என்ற மண்ணியல் நிபுணர் நிக்கோபாரின் நில அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிறகு அதே டென்மார்க்கின் பனித் தேசமான கிரீன்லாந்துக்குப் போய் அங்கே பெரிய அதிகாரியாகப் பெயர் வாங்கினார். கொசு இல்லாத தீவாகப் பார்த்துப் போனார் என்று சொல்லலாமா என்றால், கிரீன்லாந்திலும் கோடையில் கொசு உண்டாம்.

அறிக்கை எழுதியாயிற்று, ஆனால் பணம் போட யாரும் இல்லை. 1848ல் கொடியை இறக்கிக்கொண்டு போனார்கள். பட்டா மட்டும் இன்னும் இருபது வருஷம் டென்மார்க் பெயரில் கிடந்தது. நடுவில் 1864-65ல் இத்தாலி விலை பேசிப் பார்த்தது. அந்தக் கடற்பகுதியில் தீவுக்காரர்கள் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று ஆங்கிலேயருக்குப் புகார்கள் வந்தபடி இருந்தன. பொறுப்பாளி யார் என்று கேட்டால் கோபன்ஹேகனைக் காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் 1868 அக்டோபர் 16ல் டென்மார்க் தன் உரிமையை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. மறு வருஷம் தீவுகள் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்தன. இந்த ஒப்பந்தங்கள் எதிலும் தீவுக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

ஆங்கிலேயரும் நான்கௌரித் துறைமுகத்தில் கைதிகள் குடியிருப்பு ஒன்றை 1869ல் ஆரம்பித்து 1888ல் மூடினார்கள். பத்தொன்பது வருஷம், மொரேவியர்களின் அதே கணக்கு. அங்கே அதிகாரியாக இருந்த ஈ.எச். மேன் மட்டும் உருப்படியாக ஒன்று செய்தார். நடுத்தீவுகளின் மொழிக்கு 1889ல் ஓர் அகராதி வெளியிட்டார். சகோதரர்கள் செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள முயன்ற அதே மொழி. ஊர்த் தலைவர்களுக்கு ஆங்கிலேயர் ஒரு கொடியும், வருகிற கப்பல்களைக் குறித்து வைக்க ஒரு பதிவுப் புத்தகமும் கொடுத்தார்கள். எங்கே போனாலும் ரிஜிஸ்டர்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956ல் பழங்குடி மக்கள் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறை வந்தது. வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போகக் கூடாது, அவர்கள் நிலத்தை வாங்கக் கூடாது. அனுபவதாரர் பக்கம் காகிதம் பேசியது அதுதான் முதல் தடவை. நான்கௌரியைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. ஆனால் என்னைப் போன்றவன் போக முடியாதபடி இருப்பதுதான் சரி. பக்கத்துத் தீவான கச்சாலில் தமிழர்கள் இருக்கிறார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் சில குடும்பங்களை 1970களில் அங்கே ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு, இதுவும் கையெழுத்து யாரோ போட்டு.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் பூமி ஆடியது. சிறிது நேரத்தில் நிக்கோபாரில் அலை ஏறியது. கச்சாலில் ஆயிரக்கணக்கில் போனார்கள். டிரிங்கெட் தீவு மூன்று துண்டாக உடைந்தது. மிஞ்சியவர்களைக் கமோர்ட்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய நிக்கோபாரின் தென்முனையில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. அதே அலை இரண்டரை மணி நேரம் போல நடந்து, தரங்கம்பாடிக்கும் எங்கள் காரைக்காலுக்கும் வந்து சேர்ந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் சாவு. டேனியர் கப்பல்கள் போய்வந்த அதே தடத்தில் கடல் ஒருமுறை தானே வந்துபோனது. அன்று அங்கிருந்து இங்கே ஒரு தகவல் வந்திருந்தால் எத்தனையோ பேர் மேட்டுக்கு ஏறியிருப்பார்கள். இன்று எச்சரிக்கைச் சாதனங்கள் கடலில் மிதக்கின்றன.

இப்போது கலாத்தியா என்ற பெயர் மறுபடி பேப்பரில் வருகிறது. பெரிய நிக்கோபாரில் அந்த ஆறு கடலில் சேரும் கலாத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம் எல்லாம் சேர்ந்த திட்டம். மதிப்பு எழுபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பழங்குடியினர் ஒதுக்கு நிலத்தில் 84 சதுர கிலோமீட்டர் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. மலாக்கா ஜலசந்தி வாசலில் நமக்கு ஒரு துறைமுகம் வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேள்வி நியாயமானது. அந்தக் காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் சில நூறு பேர். சுனாமிக்கு முன் அந்தக் கரையோரம் குடியிருந்த நிக்கோபாரிகள் முகாம்களிலிருந்து பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.